வளாகப் பணிகளுக்குப் போஸ்டர் கலர்: ஓர் ஓவிய மாணவரின் மதிப்பீடு

ஓவியம் பயிலும் மாணவர் ஒருவர் கல்லூரியின் நாடகக் குழுவிலோ நுண்கலை மன்றத்திலோ சேர்ந்துவிட்டால், அவர் வாங்கும் வண்ணம் வகுப்பறைப் பயிற்சிக்கு மட்டுமின்றி, விழா அறிவிப்பு, மேடைப் பின்னணி, வரவேற்புப் பலகை, கண்காட்சியின் பெயரட்டை என்று வேறு பல வேலைகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் ஒருவர் தனியாக அமர்ந்து நிதானமாகத் தீட்டுகிறார். மன்றப் பணியிலோ, தூரிகையை முன்பின் பிடித்திராத நண்பர்களும் கூடச் சேர்ந்துகொண்டு, விடிவதற்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் தீட்டுகிறார்கள். இந்த இரண்டாவது வகைப் பணிக்கு எது உகந்தது என்ற கேள்வியை முன்வைத்தே, புட்டிகளில் விற்கப்படும் போஸ்டர் கலரை இங்கே மதிப்பிடுகிறேன். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் சரக்கை எடுத்துக்கொள்ளவில்லை. நிறங்களின் செறிவில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு இருந்தாலும், பயன்பாட்டைத் தீர்மானிக்கும் அடிப்படைக் குணங்கள் மாணவர் தரப் போஸ்டர் கலர்கள் அனைத்துக்கும் பொதுவானவை.

வளாகப் பணிகளில் பெரும்பாலானவற்றுக்கு, காய்ந்தால் தண்ணீரில் கரையாத அக்ரிலிக் வண்ணத்தைவிடப் போஸ்டர் கலரே மேலானது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஓவிய மாணவர்களிடையே அது பள்ளிப் பிள்ளைகளின் பொருள் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கல்லூரிக்குள் நுழைந்த மறுமாதமே போஸ்டர் கலர் புட்டிகளைத் தம்பி தங்கையருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் சுவரில் ஒட்டியிருந்து கிழிக்கப்படப்போகும் ஓர் அறிவிப்புக்குக்கூட அக்ரிலிக்கை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நிலைத்து நிற்பது உயர்ந்தது, கழுவினால் போய்விடுவது தாழ்ந்தது என்று ஒரு வண்ணத்தை எடைபோடுவது சரியான அளவுகோல் ஆகாது. எந்த வேலைக்கு எது வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டும்.

இந்த வண்ணத்தின் நற்குணங்களும் குறைகளும் அதன் சேர்மானத்திலிருந்தே பிறப்பவை. நிறம் தரும் நிறமித் தூள், அதைத் தாளில் பற்றவைக்கும் பிசின், பூச்சுக்கு மறைப்புத் தன்மை கொடுக்கும் சுண்ணாம்புத் தூள் அல்லது வெள்ளைக் களிமண் போன்ற நிரப்பி, தண்ணீர், கெட்டுப்போகாமல் காக்கும் சிறிதளவு இரசாயனம் ஆகியவையே பொதுவாகப் புட்டிக்குள் இருக்கின்றன. பிசினாகப் பெரும்பாலும் அகேசியா மரங்களிலிருந்து வடியும் அரபிப் பிசினோ, மாவுப்பொருளிலிருந்து எடுக்கப்படும் டெக்ஸ்ட்ரினோ சேர்க்கப்படுகிறது. இந்தப் பிசின்கள் காயும்போது அவற்றிலுள்ள தண்ணீர் மட்டுமே வெளியேறுகிறது. மீண்டும் தண்ணீர் பட்டால் மறுபடியும் கரைகின்றன. அக்ரிலிக்கில் நடப்பது வேறு. அதில் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள், தண்ணீர் ஆவியானதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே படலமாகிவிடுகின்றன. அந்தப் படலத்தை எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

பலர் கூடி வேலை செய்யும் இடத்தில் இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை, நள்ளிரவில் ஒத்திகை அரங்கின் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முதலாண்டு மாணவர் ஒருவர் தூரிகையைப் பலகைமேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், அக்ரிலிக் தோய்ந்த தூரிகை அவர் திரும்பி வருவதற்குள் கட்டையாகிவிடுகிறது. போஸ்டர் கலர் தோய்ந்த தூரிகையோ அரை மணி நேரம் தண்ணீரில் ஊறினால் மறுபடியும் வளைந்து கொடுக்கிறது. தரையில் சிந்தியதை ஈரத்துணியால் எடுத்துவிடலாம். சட்டையில் பட்டதும் பெரும்பாலும் துவைத்தால் போய்விடும். சில சிவப்புகளும் ஊதாக்களும் மட்டும் சாயம்போல் ஒட்டிக்கொண்டு தடயம் விட்டுச்செல்லும். கலவைத் தட்டில் எஞ்சியிருக்கும் நிறத்தை மறுநாள் சில துளி தண்ணீர் விட்டுக் குழைத்துப் பயன்படுத்தலாம் என்பதால், வீணாவதும் குறைவு. மன்றத்தின் பொதுத் தூரிகைகள் ஆண்டு முழுவதும் உழைக்க வேண்டியிருப்பதை எண்ணிப் பார்த்தால், வண்ணத்தின் விலையைக் காட்டிலும் தூரிகையின் ஆயுளே செலவைத் தீர்மானிக்கிறது என்பது விளங்கும்.

இனி, பெயருக்கேற்ற பணியான அறிவிப்புத் தீட்டுதலுக்கு வருகிறேன். போஸ்டர் கலரின் மிகப் பெரிய வலிமை, மேடு பள்ளம் தெரியாத தட்டையான நிறப்பரப்பைத் தருவதுதான். தயிரைக் கடைந்து எடுத்த பதத்துக்கு அதைக் குழைத்து, அகலமான தட்டைத் தூரிகையில் நன்றாகத் தோய்த்து, ஒரே திசையில் இழுத்து, முந்தைய இழுப்பின் ஓரம் காய்வதற்குள் அடுத்ததைச் சேர்த்துக்கொண்டே போனால், அச்சில் வந்ததுபோன்ற பரப்பு கிடைக்கிறது. நீர் அதிகமானால் திட்டுத்திட்டாகும். குறைந்தால் தூரிகையின் கோடுகள் நிற்கும். இந்தப் பதம் கைக்கு வர இரண்டு மூன்று அறிவிப்புகள் போதும். அதன் பிறகு, நிறத்தை முன்கூட்டியே தீர்மானித்து, தேவையான மொத்த அளவையும் ஒரே மூடி போட்ட டப்பாவில் கலந்து வைத்துக்கொண்டு, ஐந்து பேர் ஒரே நேரத்தில் தீட்டினாலும் யார் எந்தப் பகுதியைத் தீட்டினார் என்று தெரியாதபடி முடிக்கலாம்.

கலக்கும்போது ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறமும் காய்ந்தபின் நிற்கும் நிறமும் ஒன்றல்ல. கருநீலம், அரக்கு போன்ற அடர்நிறங்கள் காய்ந்ததும் சற்று வெளிறுகின்றன; வெள்ளை அதிகம் சேர்ந்த வெளிர்நிறங்கள் பல நேரங்களில் சற்று அடர்ந்து நிற்கின்றன. ஆகவே பாதி வேலையில் நிறம் தீர்ந்து, புதிதாகக் கலந்து சேர்க்க வேண்டி வந்தால், ஈரத்தோடு ஈரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தராது. துண்டுத்தாளில் தடவி, காயவிட்டு, முன்பு தீட்டிய பரப்பின்மேல் வைத்துப் பார்த்த பிறகே தொடர வேண்டும். வகுப்பில் கருமையிலிருந்து வெண்மை வரை படிப்படியாகச் சாம்பல் நிறங்களைத் தீட்டும் பயிற்சியைச் சலிப்போடு செய்தவர்களுக்கு, அந்தப் பயிற்சி எதற்கு என்பது இங்கேதான் புரிகிறது.

திருத்தம் செய்வதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிகழ்ச்சியின் தேதி கடைசி நேரத்தில் மாறாத கல்லூரியே இல்லை. காய்ந்த பரப்பின்மேல் புதிய நிறத்தைக் கெட்டியாக எடுத்து, ஒரே இழுப்பில் வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்துவிட்டால் பழைய எழுத்து மறைந்துவிடும்; அதே இடத்தில் முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் அடியிலுள்ள பூச்சு கரைந்து மேலே வந்து சேறாகிவிடும். சிவப்பின்மேல் வெள்ளையால் எழுதுவது இதில் மிகக் கடினமானது. வெள்ளை எழுத்து வைத்த கணத்தில் பளிச்சென்று இருக்கும். காயக் காய அதன் ஓரங்களில் இளஞ்சிவப்பு ஊறத் தொடங்கி, சிறிது நேரத்தில் எழுத்து முழுவதும் ரோஜா நிறமாக மாறி நிற்கும். சாயத்தன்மை கொண்ட சிவப்புகள் மேற்பூச்சின் ஈரத்தில் கரைந்து மேலேறுவதே இதற்குக் காரணம். இரண்டாவது முறை வெள்ளை பூசினாலும் பெரும்பாலும் இதே கதைதான். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால், எழுத்தின் இடத்தைத் தாளின் வெண்மையாகவே விட்டுச் சுற்றிலும் சிவப்பைத் தீட்டுவதே நல்ல முறை. தேதியை மட்டும் மாற்ற வேண்டுமானால், அந்த அளவுக்கு ஒரு தாள்துண்டை வெட்டி, தனியாக எழுதி ஒட்டிவிடலாம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒட்டு தெரியாது.

தூரம் என்றதும் எழுத்தின் அளவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்தடி தொலைவிலிருந்து எளிதாகப் படிக்க ஏறத்தாழ ஓர் அங்குல உயரமுள்ள எழுத்து வேண்டும் என்பது பலகை எழுதுபவர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. நடைபாதையின் மறுகோடியிலிருந்து, முப்பதடி தொலைவில் கண்ணில் பட வேண்டிய தலைப்புக்கு மூன்று அங்குலம் தேவைப்படும். 420 மில்லிமீட்டருக்கு 594 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ2 தாளில் இந்த உயரத்தில் சில சொற்களுக்குத்தான் இடமிருக்கும். ஆகவே எதைப் பெரிதாகச் சொல்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தே தீர வேண்டியிருக்கிறது. போஸ்டர் கலரில் மெல்லிய கோடுகளும் நுண்ணிய விவரங்களும் அவ்வளவாகச் சிறக்காது என்பதை நான் குறையாகக் கருதவில்லை. 1923-ஆம் ஆண்டு ஜெர்மனியின் வைமர் நகரில், பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளி நடத்திய கண்காட்சிக்கு, அப்போது அங்கே மாணவராக இருந்த யோஸ்ட் ஷ்மிட் வடிவமைத்த அறிவிப்பைப் பாருங்கள். கல்லச்சில் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் முறை) வந்த அந்த அறிவிப்பில் சிவப்பும் கறுப்புமாக வட்டங்களும் பட்டைகளும் சாய்ந்து நிற்கின்றன, அவ்வளவுதான். நூறாண்டு கடந்தும் கண்ணை நிறுத்துகிறது. குறைந்த நிறங்களும் தட்டையான பரப்புகளும் போதும் என்று நம்பி வேலை செய்பவருக்குப் போஸ்டர் கலரைப்போல் ஒத்துழைக்கும் வண்ணம் வேறில்லை.

எனினும், கையால் தீட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. ஐந்தாறு பிரதிகளுக்கு மேல் தேவைப்பட்டால், தூரிகையை வைத்துவிட்டு, வெட்டிய அட்டையின் துளை வழியே நிறம் பூசும் ஸ்டென்சிலுக்கோ, சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியே நிறத்தை இழுத்து அச்சிடும் சில்க் ஸ்கிரீனுக்கோ மாறிவிட வேண்டும். 1968 மே மாதத்தில் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியை மாணவர்கள் கைப்பற்றி, மக்கள் பட்டறை என்ற பெயரில் போராட்ட அறிவிப்புகளை அச்சிட்டபோது, முதலில் கல்லச்சில் தொடங்கியவர்கள் விரைவிலேயே சில்க் ஸ்கிரீனுக்கு மாறியதற்கு வேகமே காரணம். எந்த அறிவிப்பிலும் தனி ஒருவரின் கையொப்பம் இடுவதில்லை என்ற அவர்களது வழக்கம், மன்றப் பணியில் ஈடுபடும் எவருக்கும் பிடித்துப்போகும். போஸ்டர் கலரைச் சற்றுக் கெட்டியாக வைத்துக்கொண்டால் சில்க் ஸ்கிரீனில் இழுக்கலாம். வலைக்கண்களில் காய்ந்து அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் விட்டுக் கழுவினால் திறந்துவிடும். அக்ரிலிக் அடைத்துக்கொண்டால் அந்த வலையைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லாமல் போகலாம். நல்ல அச்சுமையின் கூர்மை இதில் வராது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மேடைப் பணியில்தான் போஸ்டர் கலரின் அருமை எனக்கு முழுமையாகத் தெரியவந்தது. காய்ந்த போஸ்டர் கலருக்குப் பளபளப்பு அறவே கிடையாது. மேடை விளக்கின் ஒளி சாய்வாக விழும்போது, அக்ரிலிக் பூசிய பலகைச் சுவர் ஆங்காங்கே ஈரம்போல் மின்னி, இது சுவரல்ல, வண்ணம் பூசிய பலகை என்று பார்வையாளருக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. போஸ்டர் கலர் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடித்துவிடுவதால், பழைய வீட்டின் காரை உதிர்ந்த சுவரோ, மண் வீதியோ, மாலை வானமோ எதுவானாலும் கண் அதை நம்புகிறது. நிழற்படம் எடுத்தாலும் விளக்கின் வெள்ளைத் திட்டு விழுவதில்லை. வறண்ட தூரிகையில் வெளிர்சாம்பலைத் தொட்டு அடர்நிறத்தின்மேல் லேசாக உரசிச் செல்வதும், ஈரப் பஞ்சால் ஒற்றி ஒரு பகுதியின் நிறத்தை மட்டும் எடுத்துவிடுவதும் சுவரின் பழமையைக் காட்ட மிக எளிய வழிகள். இரண்டாவது வழி, காய்ந்த அக்ரிலிக்கில் இயலவே இயலாது. நாடகம் முடிந்த பிறகு, அதே பலகையைக் கழுவித் துடைத்து, அடுத்த நாடகத்துக்கு வெள்ளை பூசி வைத்துவிடலாம். பலகை வாங்கவே சிரமப்படும் மாணவர் குழுவுக்கு இது சாதாரண வசதி அல்ல.

ஆனால் பின்னணி பலகையாக இல்லாமல் துணித் திரையாக இருந்தால், என் பரிந்துரை அப்படியே மாறிவிடுகிறது. பிசின் காய்ந்தால் விறைத்துவிடும்; மடிக்கும்போதும் சுருட்டும்போதும் கெட்டியான பூச்சு வெடித்துப் பொடியாக உதிர்கிறது. நடிகர்களின் தோளிலும் ஆடையிலும் நிறம் ஒட்டிக்கொள்ளும். மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையைச் சிறிது சேர்த்தால் பூச்சுக்கு நெகிழ்வும் நீரைத் தாங்கும் தன்மையும் ஓரளவு கிடைக்கின்றன, ஆனால் கூடவே மெல்லிய பளபளப்பும் வந்துவிடுகிறது, தூரிகையையும் அக்ரிலிக்குக்குக் கழுவுவதுபோல் உடனே கழுவ வேண்டியிருக்கிறது. திரைச்சீலைக்கு அக்ரிலிக்கை வாங்குவதே முறை. திறந்தவெளிப் பலகைகளுக்கும் அப்படியே. ஒரு தூறல் போதும், இரவெல்லாம் விழித்துத் தீட்டியது வழிந்து ஓடிவிடும்.

இன்னொரு பயன்பாட்டை நான் முற்றாக மறுக்கிறேன். விளையாட்டு விழாக்களிலும் தெருநாடகங்களிலும் போஸ்டர் கலரை முகத்தில் பூசிக்கொள்ளும் பழக்கம் மாணவர்களிடையே இருக்கிறது. புட்டியில் நச்சற்றது என்று எழுதியிருப்பதை அதற்கு நியாயமாகக் காட்டுகிறார்கள். தாளில் தீட்டும் வழக்கமான பயன்பாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சொல் அது. தோலில் மணிக்கணக்கில் ஊறுவதற்கும் கண்ணருகே பூசுவதற்கும் தரப்பட்ட அனுமதி அல்ல. நிறமியும் கெடாமல் காக்கும் இரசாயனமும் சிலருக்கு எரிச்சலையும் தடிப்பையும் உண்டாக்கக்கூடும். முகத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட ஒப்பனை வண்ணம் தனியாகக் கிடைக்கிறது. அதற்குப் பணமில்லையென்றால் முகத்தில் பூசாமலேயே நாடகம் நடத்தலாம். புட்டிகளில் ஏஎஸ்டிஎம் டி4236 என்ற அமெரிக்கத் தர விதியின் குறியீட்டையும் காணலாம். நாட்பட்ட உடல்நலக் கேடு குறித்து அந்தப் பொருள் ஆராயப்பட்டு, கேடு இருந்தால் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். அந்தக் குறியீடு மட்டுமே நச்சற்றது என்பதற்குச் சான்றாகாது.

வகுப்புப் பணிக்கு இதே புட்டிகள் போதுமா என்று கேட்டால், பயிற்சிக்குப் போதும், தன் திறமையைக் காட்டச் சேர்த்துவைக்கும் தொகுப்புக்கான படைப்புக்குப் போதாது என்பேன். கோவாஷ் எனப்படும் வண்ணமும் பெரும்பாலும் இதே அரபிப் பிசினால் ஆனதே. ஆனால் அதில் நிறமி நுண்மையாக அரைக்கப்பட்டு, அதிக அளவில் சேர்க்கப்பட்டிருக்கிறது, நிரப்பி குறைவு. இரண்டும் தண்ணீரில் கரைபவை என்பதால் ஒன்றோடொன்று கலக்கின்றன. முக்கியமான இரண்டு மூன்று நிறங்களைக் கோவாஷில் வாங்கி, மற்றவற்றைப் போஸ்டர் கலரில் வைத்துக்கொள்வது மாணவருக்குக் கட்டுப்படியாகும் ஏற்பாடு. நிறமியின் குறியெண்ணை அச்சிட்டிருக்கும் புட்டியாகப் பார்த்து வாங்குவது நல்லது. பிடபிள்யூ 6 என்றால் டைட்டானியம் வெள்ளை; பிபி 15 என்றால் 1935-இல் சந்தைக்கு வந்த தாலோ நீலம், துளி சேர்த்தாலே கலவை முழுவதையும் நீலமாக்கிவிடும் வலிமை கொண்டது; பிபி 29 என்றால் அல்ட்ராமரின். ஒரு காலத்தில் நீலநிறக் கல்லான லாபிஸ் லசூலியை அரைத்தெடுத்து, செல்வர்களின் ஓவியங்களுக்கு மட்டுமே எட்டிய அந்த நீலம், 1820-களில் செயற்கையாக உருவாக்கப்பட்ட பிறகுதான் மாணவர் பெட்டிக்கு வந்து சேர்ந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒளிரும் நிறங்களைத் தொகுப்புக்குப் பயன்படுத்த வேண்டாம்; அவற்றிலுள்ள சாயம் வெயில்படும் இடத்தில் விரைவில் வெளுத்துவிடும். அறிவிப்புக்கு அவை தாராளமாக உதவும்.

தாளைப் பொறுத்தவரை, சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் (200 ஜிஎஸ்எம்) குறைந்த எடையுள்ள தாள் பெரிய ஈரப்பரப்பைத் தாங்காமல் அலையலையாக நெளியும். மெல்லிய சார்ட் தாளைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், முழுப் பின்னணியையும் தீட்டாமல், தாளின் சொந்த நிறத்தையே பின்னணியாக வைத்து வடிவமைக்கலாம்.

வாங்குபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பன்னிரண்டு நிறங்கள் அடங்கிய சிறு புட்டித் தொகுப்பு வளாகப் பணிக்கு உதவாது. அதில் பாதி நிறங்கள் தொடப்படாமலே காய, வெள்ளை முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். பெரிய புட்டிகளாக வெள்ளை இரண்டு, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், அல்ட்ராமரின் நீலம் ஒவ்வொன்று வாங்கினால், பச்சை, ஆரஞ்சு, பழுப்பு, சாம்பல் ஆகியவற்றைக் கலந்தே எடுக்கலாம். பளிச்சென்ற ஊதா மட்டும் கலந்தால் மங்கிவிடும் என்பதால், தேவையிருந்தால் அதைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். புட்டிக்குள் தூரிகையை நேரடியாக விடாமல், கரண்டியால் வேண்டிய அளவு எடுத்துத் தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அழுக்குத் தண்ணீர் உள்ளே போனால் பிசின் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். மூடியின் திருகிலும் புட்டியின் வாயிலும் ஒட்டியிருப்பதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மூடினால், அடுத்த விழாவுக்கு மூடி இறுகிப்போகாமல் திறக்கும்.